ஆர்வி பயணம்: எதை எடுப்பது, எதை வீட்டிலேயே விடுவது

கோடை விடுமுறைக்கு ஆர்வி (படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி) வாடகைக்கு எடுத்துக்கொண்டு யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன் என்று கிளம்பும் தமிழ்க் குடும்பங்கள் அமெரிக்காவில் நிறைய. வண்டியை புக் செய்த கையோடு எல்லோரும் கேட்கும் கேள்வி, "என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?" இணையத்தில் தேடினால் நீளநீளமான பட்டியல்கள் கிடைக்கும். அவற்றில் பெரும்பாலானவை சொந்தமாக ஆர்வி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் சுற்றுகிறவர்களுக்காக எழுதப்பட்டவை. ஒரு வாரம் வாடகை வண்டியில் போகிற நாலு பேருக்கு அவ்வளவும் தேவையில்லை. அதே சமயம், அந்தப் பட்டியல்கள் எதிலும் இல்லாத சில சாமான்கள் நம் சமையலுக்கும் நம் பழக்கத்துக்கும் கட்டாயம் வேண்டும்.

பட்டியலைக் கடைசியில்தான் எழுத வேண்டும் என்பது என் கட்சி. ராத்திரி வண்டி எங்கே நிற்கப் போகிறது, வண்டிக்குள் ஏற்கெனவே என்ன இருக்கிறது, எவ்வளவு எடை தாங்கும் என்ற மூன்றும் தெரிந்துவிட்டால் முக்கால்வாசிப் பட்டியல் தானாக அமைந்துவிடும். அந்த வரிசையிலேயே போவோம்.

1. புக் செய்த இடத்தில் என்ன வசதி என்று பாருங்கள்

கேம்ப்கிரவுண்டு (ராத்திரி வண்டியை நிறுத்தித் தங்கும் இடம்) புக்கிங் உறுதியான மின்னஞ்சலைத் திறந்து 'ஹூக்கப்' என்ற சொல்லைத் தேடுங்கள். ஃபுல் ஹூக்கப் என்றால் மின்சாரம், தண்ணீர்க் குழாய், கழிவுநீர் வெளியேற்றும் வாய் மூன்றும் உங்கள் சைட்டிலேயே, அதாவது வண்டி நிற்கும் இடத்திலேயே இருக்கும். சில இடங்களில் மின்சாரம் மட்டும், சில இடங்களில் மின்சாரமும் தண்ணீரும். ஹூக்கப்பே இல்லை என்றால் டேங்கில் நிரப்பிய தண்ணீரும் வண்டியின் பேட்டரியும்தான் கதி.

தேசியப் பூங்காக்களுக்குள் இருக்கும் பெரும்பாலான கேம்ப்கிரவுண்டுகள் கடைசி வகை. யெல்லோஸ்டோனுக்குள் ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்வி பார்க்கில் மட்டும்தான் ஹூக்கப் உண்டு. அங்கே கரடி நடமாட்டம் அதிகம் என்பதால் துணிக்கூடாரமோ துணிப்பக்கம் வைத்த வண்டியோ அனுமதிக்க மாட்டார்கள். மேடிசன், கிராண்ட் வில்லேஜ், கேன்யன் ஆகியவற்றில் ஹூக்கப் கிடையாது. கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பில் டிரெய்லர் வில்லேஜில் ஃபுல் ஹூக்கப் கிடைக்கும். பக்கத்திலேயே இருக்கும் மேத்தர் கேம்ப்கிரவுண்டில் கிடைக்காது. ஸையான் பூங்காவின் வாட்ச்மேன் கேம்ப்கிரவுண்டில் மின்சாரம் உள்ள சைட்டுகள் உண்டு, ஆனால் சைட்டில் தண்ணீர்க் குழாய் இல்லை. பூங்காவுக்கு வெளியே இருக்கும் கேஓஏ போன்ற தனியார் இடங்களில் ஃபுல் ஹூக்கப்போடு குளியலறை, துணி துவைக்கும் மெஷின் எல்லாம் இருக்கும்.

ஒரு தாளில் ஒவ்வொரு ராத்திரியையும் எழுதி, எதிரில் மின்சாரம் உண்டா, தண்ணீர் உண்டா, டம்ப் ஸ்டேஷன் (கழிவு டேங்கைக் காலி செய்யும் இடம்) எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். ஹூக்கப் இல்லாத ராத்திரி தொடர்ந்து இரண்டு வந்தால் நீங்கள் எடுக்கும் சாமானே மாறும். குடிக்கக் கூடுதல் தண்ணீர் கேன்கள், ஹெட்லைட் போல் தலையில் மாட்டும் டார்ச் ஆளுக்கு ஒன்று, ஃபோன்களுக்கு பவர் பேங்க், பேப்பர் தட்டுகள் எல்லாம் வேண்டும். எல்லா ராத்திரியும் ஃபுல் ஹூக்கப் என்றால் இவற்றில் பாதி வேண்டாம்.

2. வண்டியோடு என்ன தருகிறார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள்

வாடகைக்கு விடும் நிறுவனங்கள் பொதுவாக மின்சார வயர், குடிநீர் ஹோஸ், கழிவுநீர் ஹோஸ் ஆகியவற்றை வண்டியோடு தருவார்கள். பாத்திரம், தட்டு, படுக்கை விரிப்பு, போர்வை எல்லாம் 'கிட்' என்ற பெயரில் தனிக்கட்டணம். விமானத்தில் போய் அங்கே வண்டி எடுக்கிறவர்களுக்குப் படுக்கை கிட் வாங்கிக்கொள்வது லாபம். தலையணையையும் கம்ஃபர்ட்டரையும் பெட்டியில் அடைத்துக்கொண்டு பறப்பது வீண் வேலை. சமையல் கிட் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். அதில் வரும் பாத்திரம் ஒரு பாக்கெட் பாஸ்தா வேகவைக்கத்தான் சரிப்படும். நம் வீட்டுப் பாத்திரம் நாலு கையோடு இருந்தால் நல்லது.

வண்டிக்காரரிடம் கேட்க வேண்டியவை: மின்சார வயர் 30 ஆம்பியரா 50 ஆம்பியரா, மாற்று அடாப்டர் உண்டா? சக்கரத்துக்கு அண்டைக் கட்டையும் சமன் செய்யும் பிளாஸ்டிக் கட்டைகளும் உண்டா? தீயணைப்பான் எங்கே? ஜெனரேட்டருக்கு மணிக்கு எவ்வளவு? ஃப்ரிட்ஜ் கேஸில் ஓடுமா? ஓவன் உண்டா, அடுப்பு இரண்டு பர்னரா மூன்றா? வண்டியின் உயரம் எவ்வளவு? பதில்களை மின்னஞ்சலில் வாங்கிக்கொண்டால் வண்டி எடுக்கும் அன்று வாக்குவாதம் வராது. அன்று ஒருவர் உங்களுக்கு வண்டியைச் சுற்றிக்காட்டுவார். முழுவதையும் ஃபோனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி இருட்டில், எந்த வால்வு எந்த டேங்குக்கு என்று குழம்பும்போது அந்த வீடியோதான் கைகொடுக்கும்.

குழந்தைகளுக்கான கார் சீட்டை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். எந்த இருக்கையில் மாட்டலாம் என்பதை முன்கூட்டியே கேளுங்கள். பக்கவாட்டில் பார்த்து உட்காரும் சோஃபாவில் கார் சீட் மாட்டக் கூடாது. பூஸ்டர் சீட்டுக்கு இடுப்பும் தோளும் சேர்த்துக் கட்டும் பெல்ட் வேண்டும். சாப்பாட்டு மேஜை இருக்கைகள் பலவற்றில் இடுப்பு பெல்ட் மட்டுமே இருக்கும். இந்த ஒரு விஷயத்துக்காக வேறு மாடல் வண்டி எடுக்க வேண்டி வந்தாலும் எடுங்கள்.

3. எடையைப் பாருங்கள்

மோட்டார்ஹோமின் (எஞ்சினோடு சேர்ந்த ஆர்வி) கதவுப் பக்கம் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். பயணிகளும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் போட்டிருக்கும். தண்ணீரும் சாமான் கணக்கில்தான் சேரும் என்பதும் அதே ஸ்டிக்கரில் உண்டு. ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு. 40 கேலன் டேங்கை நிரப்பினால் ஏறக்குறைய 150 கிலோ, அதாவது இரண்டு பெரியவர்களைக் கூடுதலாக ஏற்றிய மாதிரி. ஃபுல் ஹூக்கப் இடத்துக்குப் போகிற நாளில் டேங்கை நிரப்பிக்கொண்டு மலையேறத் தேவையில்லை. கால் பங்கு வைத்துக்கொண்டால் வழியில் கை கழுவவும் கழிவறைக்கும் போதும்.

பத்துக் கிலோ அரிசி மூட்டை, தண்ணீர்ப் பாட்டில் கேஸ், இரும்பு தோசைக்கல், குடும்பத்தில் ஆளுக்கு ஒரு பெட்டி என்று சேர்த்துப் பார்த்தால் எடை எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். கனமானவை தாழ்வாகவும் இரண்டு பக்கமும் சமமாகவும் இருக்க வேண்டும். தலைக்கு மேலிருக்கும் அலமாரிகளில் துண்டு, ரொட்டி, சிப்ஸ் போன்ற லேசான சாமான்கள் மட்டும்.

4. இணைப்புச் சாமான்கள்

ஆர்வி பயணத்தில் புதிதாக வாங்க வேண்டியவை பெரும்பாலும் இந்தப் பகுதியில்தான் வருகின்றன.

தண்ணீருக்கு: குடிநீருக்கென்றே விற்கும் வெள்ளை அல்லது நீல ஹோஸ் வண்டியோடு வரும். அதோடு ஒரு பிரஷர் ரெகுலேட்டர் வேண்டும். சில கேம்ப்கிரவுண்டுகளில் குழாய் அழுத்தம் மிக அதிகமாக இருக்கும். வண்டிக்குள் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்களின் இணைப்பு விட்டுப்போகும். அழுத்தத்தை 40 முதல் 50 பிஎஸ்ஐக்குள் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் உள்ளங்கையில் அடங்கும். அதை கேம்ப்கிரவுண்டுக் குழாயில் முதலில் மாட்டி, பிறகு ஹோஸை மாட்ட வேண்டும். ஹோஸோடு சேர்த்து மாட்டும் ஃபில்டர் ஒன்றும் எடுத்துக்கொண்டால் தண்ணீரில் வரும் மணலும் குளோரின் வாசனையும் குறையும்.

மின்சாரத்துக்கு: 30 ஆம்பியர் வண்டியை 50 ஆம்பியர் பிளக்கில் மாட்ட ஒரு அடாப்டர். சைட்டிலுள்ள மின்சாரக் கம்பத்தில் வயரிங் தவறாக இருந்தாலோ வோல்டேஜ் ஏறி இறங்கினாலோ துண்டித்துவிடும் சர்ஜ் ப்ரொடெக்டர் விலை கூடியது. சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் கட்டாயம் வாங்க வேண்டும். ஒரு வார வாடகைக்கு, நிறுவனம் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்டியைச் சமமாக நிறுத்த: கட்டைகளும் சிறிய ரசமட்டமும். வண்டி சாய்ந்து நின்றால் தூக்கம் கெடுவதோடு போகாது. கேஸிலும் மின்சாரத்திலும் ஓடும் வகை ஃப்ரிட்ஜ் வெகுநேரம் சாய்ந்திருந்தால் குளிர்விக்காது, பழுதாகவும் கூடும்.

இனி எல்லோரும் தயங்கும் வேலை. கழிவறைக் கழிவு சேரும் டேங்கை பிளாக் டேங்க் என்றும், குளியல், சமையல்தொட்டித் தண்ணீர் சேர்வதை கிரே டேங்க் என்றும் சொல்வார்கள். இதற்கு நீங்கள் எடுத்துப்போக வேண்டியவை: ஒரு டப்பா கையுறை, கைசுத்திகரிப்பான், ஹோஸ் முனையில் மாட்டும், உள்ளே ஓடுவது தெரியும் கண்ணாடி போன்ற வளைகுழாய் (எல்போ), இந்த வேலைக்கு மட்டும் பயன்படும் பழைய செருப்பு. எல்லாவற்றையும் மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, குடிநீர் ஹோஸ் இருக்கும் பக்கம் போகாமல், வண்டியின் வெளிப்பக்கச் சாமான் அறைகளில் தனியாக ஒன்றில் வையுங்கள்.

வேலை இவ்வளவுதான். கையுறை மாட்டிக்கொண்டு ஹோஸின் ஒரு முனையை வண்டியிலும் மறுமுனையைத் தரையிலிருக்கும் வாயிலும் இறுக்கமாகப் பொருத்துங்கள். முதலில் பிளாக் டேங்க் வால்வைத் திறந்து முழுவதும் வடியவிட்டு மூடுங்கள். பிறகு கிரே டேங்க். சோப்புத் தண்ணீர் பின்னால் வருவதால் ஹோஸ் ஓரளவு கழுவப்பட்டுவிடும். எல்போ தெளிவாக இருப்பதால் தண்ணீர் நின்றதும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஃபுல் ஹூக்கப் இருக்கிறதே என்று பிளாக் டேங்க் வால்வைத் திறந்தே வைத்துவிடாதீர்கள். தண்ணீர் மட்டும் ஓடிப்போய், மற்றது உள்ளேயே காய்ந்து கெட்டிப்பட்டுவிடும். முக்கால் பங்கு நிறைந்த பிறகு ஒரே வேகத்தில் வெளியேற்றுவதுதான் முறை.

5. கழிவறைக்கு நம் ஏற்பாடு

ஆர்வி கழிவறையில் சீக்கிரம் கரையும் டாய்லெட் பேப்பர்தான் போட வேண்டும். 'ஃப்ளஷ் செய்யலாம்' என்று அச்சிட்டிருக்கும் ஈரத்துடைப்புத் தாள்களும் கூடாது. அவை கரையாமல் டேங்கில் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் பயன்படுத்திப் பழகிய நமக்குக் கையில் பிடித்து அழுத்தும் சிறிய பிளாஸ்டிக் பாட்டில் ஆளுக்கு ஒன்று போதும். சின்ன அறையில் மக் வைத்துக் கொட்டினால் தரையெல்லாம் ஈரம். பேப்பர் குறைந்து தண்ணீர் கூடுவது பிளாக் டேங்குக்கு நல்லதே. ஹூக்கப் இல்லாத ராத்திரிகளில் மட்டும் டேங்க் சீக்கிரம் நிறையும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு, முடிந்தவரை கேம்ப்கிரவுண்டின் கழிவறைக்குப் போகலாம்.

6. சமையலறை

நம் குடும்பங்களில் வண்டியை நிரப்புவதே சமையல் சாமான்தான். எதை எடுப்பது என்று தீர்மானிக்க மின்சாரக் கணக்கு ஒன்று தெரிந்தால் போதும். 30 ஆம்பியர் இணைப்பில், 120 வோல்டுக்கு, மொத்தம் கிடைப்பது 3,600 வாட். கூரை ஏசி ஓடும்போதே ஏறக்குறைய 1,500 வாட் போய்விடும். இன்ஸ்டன்ட் பாட் என்ற மின்சாரக் குக்கர் 1,000 வாட். தலைமுடி உலர்த்தியோ மின்சாரக் கெட்டிலோ 1,500 வாட். மூன்றும் சேர்ந்தால் 4,000 வாட், பிரேக்கர் விழும். ஏசியை அரைமணி நேரம் நிறுத்தினால் சமைக்கலாம். ஹூக்கப் இல்லாத இடத்தில் ஜெனரேட்டர் ஓடும்போதுதான் மைக்ரோவேவ், மிக்ஸி எல்லாம். அமைதி நேரத்தில் ஜெனரேட்டர் போட விடமாட்டார்கள். சில கேம்ப்கிரவுண்டுகளில் எந்நேரமும் கூடாது. அதனால் எரிவாயு அடுப்பில் முடிகிற சமையலாகத் திட்டமிடுவதே புத்திசாலித்தனம்.

கட்டாயம் எடுக்க வேண்டிய பாத்திரம் என்று ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால், மூன்று லிட்டர் பிரஷர் குக்கர் என்பேன். ஃபிஷிங் பிரிட்ஜ் பக்கத்திலிருக்கும் யெல்லோஸ்டோன் ஏரி கடல்மட்டத்திலிருந்து 7,700 அடிக்கு மேல் இருக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வெகுநேரம் கொதித்தாலும் எளிதில் மசியாது, அரிசி நடுவில் விறைத்து நிற்கலாம். கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பும் ஏறக்குறைய 7,000 அடி. குக்கர் அந்தக் குறையைத் தீர்த்துவிடும், கேஸும் மிச்சம். வீட்டில் வைக்கும் விசிலுக்கு ஒன்றிரண்டு கூட்டி வையுங்கள். உபரி கேஸ்கெட் ஒன்று மறக்க வேண்டாம்; அந்த மலையில் எங்கே தேடுவது?

ஆர்வி அடுப்பின் பர்னர்கள் நெருக்கமாக இருக்கும். பெரிய வாணலியும் குக்கரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காராது. குக்கர், மூடியுள்ள ஒரு நடுத்தர வாணலி, பால் காய்ச்ச ஒரு சின்னப் பாத்திரம், லேசான நான்ஸ்டிக் தோசைக்கல், இரண்டு கரண்டி, ஒரு கத்தி, ஒரு வெட்டும் பலகை, வடிகட்டி, டப்பா திறப்பான், லைட்டர், அஞ்சறைப் பெட்டிக்குப் பதிலாகத் திருகுமூடி போட்ட சின்ன டப்பாக்கள். அஞ்சறைப் பெட்டி வளைவில் கவிழ்ந்தால் கடுகை எல்லா இடுக்கிலிருந்தும் பொறுக்கிக்கொண்டே ஊர்போய்ச் சேர வேண்டும்.

தாளிப்புக்குத் தனி ஏற்பாடு செய்யுங்கள். மிளகாய் வற்றலை எண்ணெயில் போட்டதும் ஆர்வியின் புகை அலாரம் அலறும். படுக்கைத் துணி, திரை எல்லாவற்றிலும் வாசனை ஏறினால் திருப்பித் தரும்போது சுத்தம் செய்யும் கட்டணம் கேட்கலாம். ஒற்றை பர்னர் கேம்பிங் அடுப்பு ஒன்றை வெளியே பிக்னிக் மேஜையில் வைத்துத் தாளித்து, கிண்ணத்தோடு உள்ளே கொண்டுவந்து கொட்டிவிடலாம். உள்ளே சமைக்கும்போது கூரை வென்டைத் திறந்து ஃபேனைப் போடுங்கள். அலாரத்தின் பேட்டரியை மட்டும் எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள்.

சாப்பாட்டில் பாதி வேலையை வீட்டிலேயே முடித்துவிடலாம். புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, பருப்புப் பொடி, இட்லிப் பொடி, வறுத்த ரவை, உலர்ந்த சேவை இருந்தால் ஒரு வாரம் ஓட்டலாம். சாம்பாரை ஜிப் பையில் ஊற்றித் தட்டையாக உறையவைத்தால் ஃப்ரிட்ஜில் ஐஸ் கட்டி வேலையையும் அதுவே செய்யும். தேங்காய்ச் சட்னியையும் அரைத்து உறையவைத்துவிட்டால் மிக்ஸியை வீட்டிலேயே விடலாம். ஆர்வி ஃப்ரிட்ஜ் குளிர்வதற்கு வெகுநேரம் ஆகும். முந்தின நாளே ஓடவிட்டு வைக்க முடியுமா என்று வண்டிக்காரரைக் கேளுங்கள். முடியாதென்றால் முதல் நாளுக்கு ஒரு ஐஸ் பெட்டி. தோசை மாவு எடுப்பவர்கள் பாதி டப்பாவுக்கு மேல் நிரப்ப வேண்டாம். வெயிலில் வண்டி ஓட ஓட மாவு பொங்கி வழியும்.

விமானத்தில் போகிறவர்கள் பொடிவகைகளைச் செக்-இன் பெட்டியில் போட்டுக்கொண்டு, அரிசி, பருப்பு, தயிர், காய்கறியை வண்டி எடுக்கும் நகரத்திலேயே வாங்குங்கள். சால்ட் லேக் சிட்டியிலும் டென்வரிலும் இந்தியக் கடைகள் உண்டு. பூங்காவை நெருங்கிய பிறகு கறிவேப்பிலை கிடைக்காது.

பாத்திரம் கழுவும்போது எண்ணெயையும் மிஞ்சிய சோற்றையும் தொட்டியில் விடாதீர்கள். கிரே டேங்கில் அவை அழுகி நாறும், கரடி உள்ள இடங்களில் வெளியே கொட்டவும் கூடாது. பேப்பர் டவலால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுப் பிறகு கழுவ வேண்டும். சமையல்தொட்டியின் ஓட்டையில் வைக்கும் கம்பி வலை சின்னச் சாமான், எடுத்துக்கொள்ளுங்கள்.

7. துணிமணி, படுக்கை

கடினமான சூட்கேஸ் வேண்டவே வேண்டாம். காலியான பிறகு வைக்க ஆர்வியில் இடமே கிடையாது, நடக்கும் வழியில்தான் கிடக்கும். மடித்துவைக்கும் துணிப்பை ஆளுக்கு ஒன்று. விமானத்தில் வருகிறவர்கள் காலிப் பெட்டிகளை வாடகை நிறுவனத்திலேயே விட்டுச்செல்ல முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

யெல்லோஸ்டோனில் ஜூலை மாதத்திலும் ராத்திரியில் பனி உறையும் அளவுக்குக் குளிரலாம். பகலில் அரைக்கை. ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்ளும் துணிகள், மழைக்கோட்டு, கம்பளித் தொப்பி, வண்டிக்குள் போட ஒரு செருப்பு, வெளியே ஒன்று. வாசலில் போட ஒரு மிதியடி இருந்தால் பாதி மண் உள்ளே வராது. கட்ட ஒரு கயிறும் பத்து கிளிப்பும் இருந்தால் துண்டு காயும்.

8. பாதுகாப்பு

இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. முதலுதவிப் பெட்டி, எல்லோருடைய வழக்கமான மருந்தும் சில நாள் கூடுதலாக, வளைவுகளில் தலைசுற்றுகிறவர்களுக்கு மாத்திரை, கொசு மருந்து, டயர் அழுத்தமானி, டக்ட் டேப், ஸ்க்ரூ டிரைவர், இடுக்கி, உபரி ஃப்யூஸ், கனத்த கையுறை. கார்பன் மோனாக்சைடு அலாரமும் கேஸ் அலாரமும் வேலை செய்கின்றனவா என்று வண்டி எடுக்கும்போதே பொத்தானை அழுத்திப் பாருங்கள். குளிர்கிறதென்று சமையல் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர்காய்வதும், கரி அடுப்பை உள்ளே கொண்டுவருவதும் உயிருக்கு ஆபத்து.

வண்டியின் உயரத்தை அடி, அங்குலத்தில் எழுதி ஸ்டியரிங்குக்கு எதிரே ஒட்டிவையுங்கள். தாழ்ந்த பாலம், பெட்ரோல் பங்க் கூரை, டிரைவ் த்ரூ எல்லாவற்றிலும் அந்த எண் வேண்டியிருக்கும். பூங்காக்களுக்குள் பல இடங்களில் ஃபோன் சிக்னல் கிடைக்காது. வரைபடத்தை முன்பே இறக்கிவைத்து, காகித வரைபடம் ஒன்றும் எடுங்கள். புக்கிங் உறுதித் தாளை அச்சடித்துக்கொள்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

கரடி ஸ்ப்ரேயை விமானத்தில் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, செக்-இன் பெட்டியிலும் கூடாது. பூங்காவை ஒட்டிய ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள், வாடகைக்கும் கிடைக்கும். கேம்பிங் அடுப்புக்கான கேஸ் குப்பிக்கும் இதே விதி. கரடிக்கும் ஓநாய்க்கும் 100 கஜம், காட்டெருமைக்கும் மற்ற விலங்குகளுக்கும் 25 கஜம் தள்ளி நிற்க வேண்டும் என்பது யெல்லோஸ்டோன் விதி, ஆகவே ஒரு பைனாகுலர் எடுப்பது நல்லது. சாப்பாட்டோடு, பற்பசை, சோப்பு, குப்பைப்பை எல்லாமே ராத்திரி வண்டிக்குள் இருக்க வேண்டும். வெளியே தாளித்த அடுப்பையும் கழுவி உள்ளே எடுத்துவிடுங்கள்.

விறகு மட்டும் ஊரிலிருந்து எடுக்காதீர்கள். 2002இல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்ட எமரால்டு ஆஷ் போரர் என்ற வண்டு கோடிக்கணக்கான ஆஷ் மரங்களை அழித்திருக்கிறது. அது புதுப்புது மாநிலங்களுக்குப் பரவியதில் விறகுக்கு முக்கியப் பங்கு உண்டு. எரிக்கும் இடத்திலேயே விறகு வாங்குங்கள்.

9. வீட்டில் விட்டுப்போக வேண்டியவை

ஏர் ஃப்ரையர், கிரைண்டர், இஸ்திரிப்பெட்டி, கண்ணாடிப் பாத்திரங்கள், ஆளுக்கு நாலு ஜோடி காலணி, பெரிய ஸ்பீக்கர். மடக்கு நாற்காலி ஆளுக்கு ஒன்று வேண்டும், மடக்கு மேஜை வேண்டாம். பெரும்பாலான சைட்டுகளில் பிக்னிக் மேஜை இருக்கிறது. குழந்தைகளின் விளையாட்டுச் சாமானுக்கு ஒரு சின்னப் பெட்டி கொடுத்து, அதற்குள் அடங்குவது எல்லாம் வரலாம் என்று சொல்லிவிடுங்கள். சீட்டுக்கட்டு வரட்டும்.

10. ஏற்றும் முறையும் முதல் ராத்திரியும்

அறைவாரியாகப் பிரிக்காமல், எப்போது தேவைப்படும் என்று பார்த்துச் சாமான்களைப் பிரித்து வையுங்கள். சைட்டில் நின்ற முதல் பத்து நிமிடத்தில் வேண்டியவை ஒரு பெட்டி: அண்டைக் கட்டை, ரசமட்டம், ரெகுலேட்டர், அடாப்டர், டார்ச். இது வெளி அறையில் கைக்கெட்டும் இடத்தில். கழிவுப் பெட்டி தனி. முதல் ராத்திரிச் சாப்பாடு ஃப்ரிட்ஜின் முன்வரிசையில். அன்று யாரும் சமைக்கும் நிலையில் இருக்க மாட்டார்கள், கட்டுச்சாதமே போதும். பாத்திரங்களுக்கு இடையில் துண்டைச் செருகுங்கள், இல்லாவிட்டால் வழியெல்லாம் சத்தம். அலமாரிகளில் வழுக்காத ரப்பர் விரிப்பு போட்டால் கதவைத் திறந்ததும் டப்பா தலையில் விழாது.

முதல் ராத்திரி, வண்டி எடுத்த இடத்திலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்துக்குள், ஃபுல் ஹூக்கப் உள்ள, பக்கத்தில் பெரிய கடை இருக்கிற இடமாக புக் செய்யுங்கள். எல்லா இணைப்பையும் ஒருமுறை மாட்டிப் பார்த்து, ஹீட்டர், வெந்நீர், அடுப்பு, ஃப்ரிட்ஜ் எல்லாம் ஓடுகின்றனவா என்று பார்த்துவிடலாம். மறந்தது என்ன என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும். காலையில் கடைக்குப் போய் வாங்கிக்கொண்டு மலைப்பக்கம் போகலாம்.

திரும்பி வந்து சாமான் இறக்கும்போது, ஒருமுறைகூடக் கை படாமல் திரும்பிய பொருள்களைத் தனியாகக் குவியுங்கள். முதலுதவிப் பெட்டியையும் கருவிப்பெட்டியையும் தவிர மற்றவற்றின் பெயரைப் பட்டியலில் அடித்துவிட்டு, அடுத்த பயணத்துக்கு அதே தாளை எடுத்து வையுங்கள்.